பை சுமந்தவர்களும் கோப்பையும்

குரங்கணியில் கோல்ஃப் மைதானம் கிடையாது. ஆனால் குரங்கணியிலிருந்து மலையேறி டாப் ஸ்டேஷனைத் தாண்டி மூணாறு சாலையைப் பிடித்தால், வழியில் குண்டளையில் ஒன்று இருக்கிறது. இன்னும் போனால் மூணாறு ஹைரேஞ்ச் கிளப்பில் இன்னொன்று. கிழக்கே கொடைக்கானலில் 1895-ல் தொடங்கிய கோல்ஃப் கிளப். நம் ஊர் மலையைச் சுற்றி வெட்டிச் சீர் செய்த இந்தப் பச்சைப் புல்வெளிகளில் நம் ஆட்கள் கால் வைத்ததே இல்லை என்று சொல்ல முடியாது. புல் வெட்டவும், தண்ணீர் பாய்ச்சவும், பை சுமக்கவும், தொலைந்த பந்தைத் தேடவும் கால் வைத்திருக்கிறார்கள். ஆடுவதற்குத்தான் வைக்கவில்லை.

சாதி ஒழிப்பையும் நில உரிமையையும் பேசும் நாம் ஏன் பணக்காரர் விளையாட்டைப் பற்றி எழுத வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நம் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு வகைப் பதிவு சுற்றி வருகிறது. 'கூலிக்காரர் மகன் சாம்பியன் ஆனார்', 'பை தூக்கியவர் கோடீஸ்வரர் ஆனார்' என்ற வகை. கீழே கைதட்டல் படங்கள். அதற்கும் கீழே யாராவது ஒருவர் தவறாமல் எழுதுவார்: 'பாருங்கள், திறமை இருந்தால் சாதி தடையில்லை, இடஒதுக்கீடும் தேவையில்லை.' நம் பிள்ளைகளில் சிலரும் அதற்கு விருப்பக்குறி போடுகிறார்கள். அந்தச் சாம்பியன்களின் வாழ்க்கையைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் அது இதற்கு நேர் எதிரான பாடத்தைச் சொல்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

புல்வெளிக் காவலரின் மகன்

எஸ்.எஸ்.பி. சௌரசியாவை எடுத்துக்கொள்வோம். 1978-ல் கொல்கத்தாவில் பிறந்தவர். ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-ல் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகின் மிகப் பழைய கோல்ஃப் கிளப்களில் ஒன்று. அந்த மைதானத்தின் புல்லைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர் சௌரசியாவின் அப்பா. பயிற்சி மையம், பயிற்சியாளர், விலையுயர்ந்த மட்டைகள் எதுவும் இல்லாமல், பத்து வயதுவாக்கில் பார்த்துப் பார்த்தே பழகினார் அந்தப் பையன். 1997-ல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஒரு மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழியிலும் பந்தை எத்தனை குறைவான அடியில் போடுகிறோம் என்பதுதான் கணக்கு. பெரிய போட்டி நான்கு நாள், மொத்தம் 72 குழிகள். இரண்டாம் நாள் மாலையில் கிட்டத்தட்ட பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போகிறவருக்குப் பரிசுப் பணம் கிடையாது. பயணச் செலவு, தங்கும் செலவு, பை சுமப்பவருக்குக் கூலி எல்லாம் கைக்காசு. மாதச் சம்பளம் என்ற பேச்சே இல்லை. ஏலக்காய் எடுக்கும் நம் பெண்களுக்கு இது சொல்லாமலே புரியும். எடுத்தால் காசு, மழை வந்தால், உடம்பு முடியாமல் போனால், அன்றைக்கு ஒன்றுமில்லை. ஒரு வேறுபாடுதான். அப்பா வீட்டில் பணம் இருக்கிற ஆட்டக்காரர் பத்துப் போட்டியில் தோற்றாலும் பதினோராவதற்கு விமானம் ஏறுவார். புல் வெட்டுபவரின் மகன் மூன்றாவது தோல்வியிலேயே கணக்குப் பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட தொழிலில் சௌரசியா நின்றார். இந்தியன் ஓப்பன் என்ற நம் நாட்டின் பெரிய போட்டியில் 1999, 2006, 2013, 2015 என்று நான்கு முறை இரண்டாம் இடம். நடுவே 2008 பிப்ரவரியில், ஐரோப்பியச் சுற்று முதன்முதலாக இந்தியாவுக்கு வந்தபோது, டெல்லி கோல்ஃப் கிளப்பில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். மொத்தப் பரிசுத் தொகை 25 லட்சம் டாலர். 2011-ல் அவந்தா மாஸ்டர்ஸ். கடைசியில் 2016-லும் 2017-லும் அடுத்தடுத்து இந்தியன் ஓப்பன் கோப்பை. 2017-ல் இரண்டாம் இடக்காரரைவிட ஏழு அடி குறைவு. கோல்ஃபில் இது பெரிய இடைவெளி. 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார். 2017-ல் அர்ஜுனா விருது.

அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: 'சிப்புட்சியா'. சிப், புட் என்ற இரண்டும் குழிக்குப் பக்கத்தில் நின்று பந்தை மெல்லத் தட்டும் ஆட்டங்கள். அவர் பந்தை வெகுதூரம் அடிப்பவர் அல்லர், உயரமும் குறைவு. குழிக்கு அருகே கை செய்யும் நுணுக்கமே அவர் பலம். தூரம் அடிக்க நல்ல உபகரணமும், சத்தான சாப்பாட்டில் வளர்ந்த உடம்பும், விரிந்த பயிற்சித் திடலும் வேண்டும். மெல்லத் தட்டிப் பழக ஒரு மட்டையும், கொஞ்சம் புல்லும், யாரும் விரட்டாத நேரமும் போதும். ஒருவருடைய 'இயற்கையான திறமை' என்று நாம் சொல்வதில் அவருக்கு எந்தக் கதவு எவ்வளவு திறந்திருந்தது என்பதும் சேர்ந்தே இருக்கிறது.

2015 இந்தியன் ஓப்பனில் சௌரசியா கூடுதல் குழி ஆட்டத்தில் அனிர்பன் லாகிரியிடம் தோற்றார். லாகிரி ராணுவ மருத்துவரின் மகன். ராணுவக் குடியிருப்புகளின் கோல்ஃப் மைதானங்களில் சிறு வயதிலேயே மட்டை பிடித்தவர். நல்ல ஆட்டக்காரர், கடும் உழைப்பாளி. அவர்மேல் நமக்குக் குறையொன்றும் இல்லை. மறு ஆண்டு இருவரும் சேர்ந்துதான் ரியோ போனார்கள். ஆனால் ஒருவர் மைதானத்துக்குள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்வாசல் வழியாக நுழைந்தார். இன்னொருவர் அப்பா வேலை பார்த்த வாசல் வழியாக நுழைந்தார். இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, 'திறமைக்கு முன் எல்லோரும் சமம்' என்று சொல்வதைத்தான் நாம் மறுக்கிறோம்.

ஒருவர் அல்லர், ஒரு வரிசை

சௌரசியா ஒருவர் மட்டும் என்றால் விதிவிலக்கு என்று விட்டுவிடலாம். ஆனால் வரிசை நீளமானது.

இந்தியன் ஓப்பன் 1964-ல் தொடங்கியது. அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர். ஆண்டு 1991. 1993-ல் மீண்டும் வென்றார். டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை சுமந்தவர் அவர். 2009-ல் அதே கோப்பையை வென்ற சின்னசாமி முனியப்பா, பெங்களூரில் பை சுமந்து பழகியவர். 2013-ல் வென்றவர் வங்கதேசத்தின் சித்திக்குர் ரகுமான். டாக்கா குர்மிட்டோலா மைதானத்தில் பந்து பொறுக்கும் பையனாகத் தொடங்கி, பிறகு பை சுமந்தவர். அந்த ஆண்டு அவருக்குப் பின்னால் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் நம் சௌரசியா. பந்து பொறுக்கியவர் முதலிடம், புல் பராமரித்தவரின் மகன் அடுத்த இடம். இந்தியன் ஓப்பனின் வரலாற்றில் இந்தத் துணைக்கண்டத்தின் பெரிய மனிதர்கள் பார்வையாளர் வரிசையில் நிற்க, அவர்களின் வேலைக்காரர்கள் கோப்பைக்கு மோதிய நாள் அது.

இங்கே பெயர் சொன்ன எவருடைய சாதியையும் நாம் தேடப் போகவில்லை. நாம் பார்ப்பது அவர்கள் மைதானத்தில் நின்ற இடத்தை. அந்த இடத்துக்கு ஆங்கிலத்தில் 'கேடி' என்று பெயர். நம் ஊரில் கேடி என்றால் காவல் நிலையப் பதிவேட்டில் பெயர் இருப்பவன். இது வேறு கேடி என்றாலும், இவனையும் வாசலில் நிறுத்தி ஒரு பார்வை பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள்.

கேடியின் வேலை பை சுமப்பது மட்டும் இல்லை. காற்று எந்தப் பக்கம், இந்தச் சரிவில் பந்து எப்படி ஓடும், எந்த மட்டை எடுக்க வேண்டும் என்று முதலாளிக்குச் சொல்லிக்கொடுப்பவன் அவன். அறிவு அவனுடையது, அடி முதலாளியுடையது. ஏலத்தோட்டத்தில் எந்தச் செடி எப்போது காய்க்கும், எந்தக் காய் இந்தச் சுற்றில் பறிக்கும் பதம் என்பதெல்லாம் வேலை செய்யும் பெண்களுக்குத்தான் தெரியும். போடி ஏலக் கூடத்தில் விலை பேசுகிற பெயர்ப் பட்டியலில் அவர்கள் இருக்க மாட்டார்கள். இரண்டும் ஒரே ஏற்பாடு.

கிளப்புகளில் கேடிகள் ஆடுவதற்கு வாரத்தில் ஏதோ ஒரு நாளோ, விடியற்காலையில் ஏதோ ஒரு மணி நேரமோ ஒதுக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்திருக்கிறது. உறுப்பினர்கள் வராத நேரம், பழைய மட்டை, தேய்ந்த பந்து. அந்தச் சின்ன இடைவெளியில்தான் இவ்வளவு சாம்பியன்கள் முளைத்தார்கள். கதவு ஒரு சாண் திறந்ததற்கே இத்தனை பேர் என்றால், திறக்காத கதவுகளுக்கு முன்னால் எத்தனை பேர் நின்று திரும்பிப் போயிருப்பார்கள்? வாட்ஸ்அப் பதிவு கேட்காத கேள்வி இது. வென்றவரை எண்ணுவார்கள். வாசலிலேயே நின்றவர்களை எண்ண மாட்டார்கள்.

மழையில் கொடுத்த கோப்பை

சரி, வென்றுவிட்டால் கதவு முழுதாகத் திறந்துவிடுமா? இதற்குப் பதில் சொல்ல நாம் டர்பன் நகரத்துக்குப் போக வேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் ட்ரூரோ. 1860-ல் சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16-ல் டர்பனில் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களில் நம் சேரிகளிலிருந்து போனவர்களும் உண்டு. அந்த நேட்டாலில் இந்திய வம்சாவளியில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் செவ்சங்கர் செவ்கோலம். எல்லோரும் கூப்பிட்ட பெயர் பாப்வா. எழுதப் படிக்கத் தெரியாது. வெள்ளையர் கிளப்பில் பை சுமந்தார். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் மட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பழகினார். வலக்கை கீழே இருக்க வேண்டிய இடத்தில் இடக்கை. பாடப்புத்தகப்படி தப்பு. அந்தத் தப்பான பிடியோடு 1959-ல் ஐரோப்பா போய் டச்சு ஓப்பனை வென்றார். 1960-லும் 1964-லும் மறுபடி வென்றார். அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போனவர் அவருடைய வெள்ளைக்கார முதலாளி. ஆயில் ஆஃப் ஓலே முகப்பூச்சை உருவாக்கிய கிரஹாம் வுல்ஃப்.

1963-ல் சொந்த ஊரில் நேட்டால் ஓப்பன். நிறவெறிச் சட்டங்கள் உச்சத்தில் இருந்த காலம். டர்பன் கன்ட்ரி கிளப்பில் வெள்ளையரோடு ஆட அவருக்கு அனுமதி கிடைத்தது. வென்றார். பரிசளிப்பு நேரம் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளையர்கள் கிளப் கட்டடத்துக்குள் இருந்தார்கள். சாம்பியனுக்கு உள்ளே நுழைய இடமில்லை. வெளியே, மழையில் நிற்க வைத்துக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. தென்னாப்பிரிக்காவை விளையாட்டு உலகிலிருந்து ஒதுக்க வேண்டும் என்ற இயக்கத்துக்கு அது பலம் சேர்த்தது.

1965-ல் இன்னொரு நேட்டால் ஓப்பன். இந்த முறை பாப்வா தோற்கடித்தவர் கேரி பிளேயர். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனை வென்ற உலகச் சாம்பியன். அதோடு முடிந்தது. வெள்ளையர் போட்டிகளில் ஆட பாப்வாவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஒருமுறை வென்றால் அதிசயம் என்று கைதட்டுவார்கள். மறுமுறையும் வென்றால் சட்டப் புத்தகத்தைத் திறப்பார்கள். 1978-ல் வறுமையில் இறந்தார். இன்று டர்பனில் ஒரு பொது கோல்ஃப் மைதானத்துக்கு அவர் பெயர்.

தென்னாப்பிரிக்கா மட்டுமா? அமெரிக்காவில் தொழில்முறை கோல்ஃப் சங்கத்தின் விதிகளில் 'வெள்ளையர் மட்டும்' என்ற வரி 1961 வரை இருந்தது. அகஸ்டா நேஷனல் கிளப்பில் நடக்கும் புகழ்பெற்ற மாஸ்டர்ஸ் போட்டியில் ஆடும் எல்லோருக்கும் 1982 வரை கிளப்பின் கறுப்பினக் கேடிகள்தான் பை சுமக்க வேண்டும். ஆனால் ஒரு கறுப்பின ஆட்டக்காரர் அங்கே முதன்முதலாக ஆடியது 1975-ல். கறுப்பினத்தவர் ஒருவரை உறுப்பினராகச் சேர்த்தது 1990-ல். சுமக்கலாம், பிறகு ஆடலாம், கடைசியில்தான் உட்காரலாம். வரிசை எங்கும் இதுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். பல்வங்கர் பாலுவை நம் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தலித் குடும்பத்தில் பிறந்தவர். பூனாவில் ஆங்கிலேயர் கிளப்பில் ஆடுகளத்தை உருட்டி, வலை கட்டும் வேலை பார்த்தவர். பயிற்சி நேரத்தில் துரைமார்களுக்குப் பந்து வீசி வீசியே இந்தியாவின் தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளர் ஆனார். அப்போதும் வீச மட்டுமே விட்டார்கள். மட்டை பிடிப்பது துரைமார் வேலை. பூனா இந்துக்கள் அணிக்கு அவர் தேவைப்பட்டார், சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில் தேநீர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தவருக்கு இந்துக்கள் அணியின் தலைமைப் பொறுப்பு கடைசிவரை கிடைக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் 1923-ல் அது கிடைத்தது.

பாப்வாவின் மழையும் பாலுவின் மண் குவளையும் ஒன்றுதான். நம் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. உழைப்பை எடுத்துக்கொள்ளும், திறமையையும் எடுத்துக்கொள்ளும். கூடவே உட்கார மட்டும் விடாது. சாதி இவ்வளவு கவனமாகக் கணக்குப் பார்க்கும் ஒன்று.

பாலுவின் கதையில் நாம் மறக்கக் கூடாத பகுதி இன்னொன்றும் உண்டு. அண்ணல் அம்பேத்கர் அவரை இளம் வயதிலேயே மதித்தவர். 1932 பூனா ஒப்பந்தத்தின்போது பாலு காங்கிரஸ் பக்கம் நின்றார். 1937 தேர்தலில் அண்ணலையே எதிர்த்துக் காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்றார். நம் சாம்பியன்களை நம்மிடமிருந்தே பிரித்து எதிரில் நிறுத்துவதும் பழைய ஆட்டம்தான். அதனால்தான் சாம்பியன் படத்தைப் பகிர்ந்தால் மட்டும் போதாது, அவருடைய வரலாற்றையும் படிக்க வேண்டும் என்கிறோம்.

புல்லுக்கு அடியில் இருப்பது நிலம்

கிரிக்கெட்டைத் தெருவில் ஆடலாம். கபடிக்கு ஒரு களம் போதும். கோல்ஃபுக்கு ஏக்கர் கணக்கில் நிலமும், வெயில் காலத்திலும் தண்ணீரும் வேண்டும். ஆகவே ஒரு கோல்ஃப் ஆட்டக்காரரின் தொழில் வாழ்க்கை நிலத்தில் தொடங்குகிறது. நிலம் யாருடையது, யாருக்கு எந்த விலையில் கொடுக்கப்பட்டது என்று கேட்காமல் கோல்ஃபைப் பேசவே முடியாது.

1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்கீர் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. நிலமற்றவர்களுக்கு நிலம், பிறருக்கு விற்க முடியாத நிபந்தனையோடு. அந்த நிலங்களில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது என்று ஒவ்வொரு ஊரிலும் நாம் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆணை வந்த மூன்றாம் ஆண்டில் கொடைக்கானலில் கோல்ஃப் கிளப் தொடங்கியது. நமக்குக் கொடுத்த நிலம் காகிதத்தில் கரைந்தது. அவர்கள் அன்று தொடங்கியது இன்றும் பச்சையாக இருக்கிறது.

சென்னை கிண்டியில் ரேஸ் கிளப்புக்கு அரசு குத்தகைக்கு விட்ட நிலம் சுமார் 160 ஏக்கர். 1940-களில் போட்ட 99 ஆண்டுக் குத்தகையின்படி ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். நம் காலனியில் ஒரு வீட்டின் ஒரு மாத வாடகைக்குக் கூட அது போதாது. ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் அந்த வளாகத்துக்குள்தான். 2024 செப்டம்பரில் தமிழக அரசு 730 கோடி ரூபாய்க்கு மேல் வாடகை பாக்கி என்று சொல்லிக் குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்தது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. இப்படிக் கேட்க முடியும் என்று காட்டியதே பெரிய விஷயம்.

நம் பக்கத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவழியில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போனது. அந்த ரயில் பாதை 1924 வெள்ளத்தில் அழிந்தது. தேயிலை இறங்கிய இந்த மலையில்தான் கூலிகள் ஏறினார்கள். கங்காணிகள் தென்மாவட்டங்களிலிருந்து கூட்டிப்போனவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். லயத்து அறையில் தலைமுறைகள் பிறந்தன. துரைமார்களுக்கும் பிற்பாடு வந்த அதிகாரிகளுக்கும் மைதானம் இருந்தது. லயத்துப் பிள்ளைகளுக்கு லயத்து வாசல் இருந்தது. 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை பெண்கள் மூணாறு தெருவில் உட்கார்ந்தபோது அவர்களின் நாள் கூலி 232 ரூபாய். போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததை எதிர்த்துத்தான் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததால் வாங்கினார்கள்.

இன்றும் விடியும் முன்பே போடியிலிருந்து ஜீப்புகள் நம் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுகின்றன. இருட்டிய பிறகு இறங்குகின்றன. அந்த வீட்டுப் பிள்ளை எந்த நேரத்தில், எந்தத் திடலில், யார் துணையோடு எந்த விளையாட்டைப் பழகும்? திறமை இல்லாமல் இல்லை. மாலை நேரம் இல்லை, மைதானம் இல்லை, காத்திருக்க வீட்டில் காசு இல்லை.

என்ன கேட்கப் போகிறோம்

'கோல்ஃப் மைதானங்களை மூடி வீட்டுமனைப் பட்டாவாகக் கொடுக்க வேண்டும், அதில் நம் பிள்ளைகளை ஆட விடச் சொல்லிக் கெஞ்சுவதா?' என்று தோழர்கள் சிலர் கேட்பதை நாம் மதிக்கிறோம். குடிசைக்கு இடமில்லாத ஊரில் புல்லுக்கு ஏக்கர் கணக்கில் இடம் இருப்பது அநீதிதான். நிலக் கோரிக்கையை நாம் ஒரு அங்குலமும் விட வேண்டாம். ஆனால் இன்னொன்றையும் யோசிப்போம். கோயில் நுழைவுக்குப் போராடியபோதும், குளத்தில் தண்ணீர் எடுக்கப் போராடியபோதும், சாமியோ தண்ணீரோ மட்டும் பிரச்சினையாக இருக்கவில்லை. மகாத் குளத்து நீரைக் குடித்தால் அமரர் ஆகிவிடுவோம் என்று அண்ணல் அங்கே போகவில்லை. பொது இடம் பொதுவானது என்று நிலைநாட்டப் போனார். அரசு நிலத்தில், அரசு குத்தகையில், நம் உழைப்பில் நிற்கும் எந்த இடமும் பொதுக் கேள்விக்கு உட்பட்டதே.

ஆகவே சில நேரடியான கோரிக்கைகள். அரசு நிலத்தில் இருக்கும் எந்த விளையாட்டுக் கிளப்பின் குத்தகையிலும், அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கும் அருகிலுள்ள அரசு மற்றும் ஆதிதிராவிடர் நலப் பள்ளி மாணவர்களுக்கும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் பயிற்சி தருவது கட்டாய நிபந்தனையாக வேண்டும். கருணையாக வேண்டாம், குத்தகைப் பத்திரத்தில் ஒரு ஷரத்தாக வேண்டும். பை சுமப்பவர்களை அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். அடிபட்டால் மருத்துவம், முதுமைக்கு ஓய்வூதியம் வேண்டும். உறுப்பினர் சேர்க்கை விதிகளைப் பொதுவில் வைக்க வேண்டும்.

இதற்கு மாணவர்கள் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ், உங்கள் மாவட்டத்தில் கிளப்புகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்ட அரசு நிலம் எவ்வளவு, ஆண்டு வாடகை என்ன, பாக்கி எவ்வளவு, குத்தகை எப்போது முடிகிறது என்று வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மனு போடுங்கள். பத்து ரூபாய் கட்டணம். பதில் வந்தால் ஆதாரம். வராவிட்டால் மேல்முறையீடு. பஞ்சமி நில மனுக்களில் பழகிய கைகளுக்கு இது பெரிய வேலை இல்லை.

குரங்கணி இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018 மார்ச் 11-ல் நம் மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேற வந்தவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு மலையேற்றம் ஒழுங்குமுறைக்கு வந்தது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் குரங்கணி – சாம்பலாறு பாதையும் ஒன்று. உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலை கிடைக்கிறது. நல்லது, வரவேற்போம். அத்தோடு நின்றுவிட வேண்டாம். பாதை தெரிந்தவன், தண்ணீர் இருக்கும் இடம் தெரிந்தவன், காற்று திரும்புவதை முகத்தில் உணர்பவன் காலம் முழுக்க அடுத்தவர் பையோடு நடக்க வேண்டியதில்லை. மலையேற்றப் பயிற்றுநர் சான்றிதழ் நமக்கும் வேண்டும். மீட்புக் குழுவில் நிரந்தர வேலை நமக்கும் வேண்டும். திட்டத்தை நடத்தும் நாற்காலிகளிலும் நம் ஆட்கள் உட்கார வேண்டும். கேடியின் அறிவுக்குக் கேடியின் கூலி மட்டும் கொடுப்பதை இனி ஏற்க முடியாது.

அடுத்த முறை 'பை தூக்கியவர் சாம்பியன் ஆனார்' என்ற பதிவு உங்கள் குழுவுக்கு வந்தால் பகிருங்கள். அந்த மனிதரின் உழைப்பு மரியாதைக்குரியது. ஆனால் கீழே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: அவர் பை தூக்கிய கிளப்பில் இன்று அவரைப் போல் பை தூக்குகிற எத்தனை பேருக்கு ஆட அனுமதி இருக்கிறது? இந்தக் கேள்விக்கு யாராவது எண்ணிக்கையோடு பதில் சொன்னால், நமக்கும் அனுப்பி வையுங்கள். அடுத்த மனுவில் சேர்த்துக்கொள்வோம்.

ஜெய் பீம்.